மூன்றாவது பேரிங்

தங்கையன் பேரிங்கைக் கீழே போடும் சத்தம் காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் சிமெண்டுத் தரையில் அது டிங்கென்று விழும். பின்னாலேயே ஒரு கெட்ட வார்த்தை வரும். அடுப்படியில் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்த இருசம்மாள் அதைக் காதில் வாங்காமல்தான் இருந்தாள். கடைசியாக விழுந்தபோது கெட்ட வார்த்தை வரவில்லை. அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

காவிரிக்கு அக்கரையில், மேலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த வீடு அது. பின்புறம் தகரக் கொட்டகை, அதற்கப்பால் வாழைத்தோப்பு. ஆடிக் காற்று வாழை இலைகளைக் கிழித்து நாராக்கிக்கொண்டிருந்தது. கொட்டகைக்குள் வெளிர்பச்சை நிறத்தில் அந்த ஃபோக்ஸ்வாகன் கார் பின்பக்கத்தைத் திறந்துகொண்டு நின்றது. முதுகு கூனிய வண்டி என்பதால் தெருவில் அதற்கு ஆமை வண்டி என்று பெயர். இன்ஜின் பின்னால் இருக்கும் ஜாதி. ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது, காற்றிலேயே குளிர்ந்துகொள்ளும். இப்போது அந்த இன்ஜின் இரண்டு பாதியாகப் பிளந்து மேஜைமேல் கிடந்தது.

தங்கையன் ஸ்டூலில் உட்கார்ந்து, நடுங்கும் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். பேரிங் அவர் காலடியில் கிடந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

"சாப்பிட வர்றீங்களா?" என்றாள்.

"வரேன் போ."

அவள் குனிந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். பாதி வளையல் மாதிரி இருந்தது. இரண்டு ஓரமும் வெளிப்பக்கம் மடிந்திருந்தன. இன்ஜினுக்குள் வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டுக்குக் கேம்ஷாஃப்ட் என்று பெயர். அது மூன்று இடங்களில் பேரிங்கின் மேல் படுத்துச் சுழலும். மூன்றாவது இடத்தில் இருக்கும் பேரிங்குக்கு மட்டும் இந்த மடிந்த விளிம்பு உண்டு. தண்டு முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்வது அந்த விளிம்புதான். த்ரஸ்ட் பேரிங் என்பார்கள். விளிம்பு தேய்ந்தால் தண்டு ஆடும். இன்ஜின் உள்ளிருந்து டொக் டொக் என்று தட்டும்.

அப்படித் தட்ட ஆரம்பித்ததால்தான் தங்கையன் அதைப் பிரித்தார். பிரித்துப்போட்ட அதே மழைக்காலத்தில் அவர் கை நடுங்க ஆரம்பித்தது. நரம்புத் தளர்ச்சி என்று நினைத்துப் போன ஆஸ்பத்திரியில், இது வேறு, இது போகாது, மாத்திரையால் தள்ளிப்போடலாம், இனி வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து இன்ஜின் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர் அவர். ஃபோர்மேன் சகாயநாதன் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனபோது, ஓடாமல் வேப்பமரத்தடியில் நின்ற காரை இவரிடம் விட்டுவிட்டுப் போனார். அந்தக் கூட்டைக் கயிறு கட்டி இழுத்துவந்து உயிர்கொடுத்தார் தங்கையன். அவர்களுடைய ஒரே மகன் நவநீதன் அதில்தான் பள்ளிக்கூடம் போனான். இருசம்மாளுக்கு அந்தக் காரை ஒருநாளும் பிடித்ததில்லை. சீரியஸ் கேஸ் என்று இரவில் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தால், இது கிளம்புமா கிளம்பாதா என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் ஆட்டோ பிடித்து ஓடியவள் அவள். அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவள்.

அதனால்தான், கோயம்புத்தூரில் பழைய கார்கள் சேர்க்கும் ஒருவர் இதை இருக்கிற நிலையிலேயே எடுத்துக்கொள்வதாக நவநீதன் சென்னையிலிருந்து சொன்னபோது அவள் சரி என்றாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை லாரி வரும். ஆடி கழிந்ததும் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு இவர்கள் இருவரும் சென்னைக்கு அவனோடு போய்விடுவது. அதற்கும் சரி என்றாள். அவளுக்கு அசதியாக இருந்தது. தங்கையன் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மறுநாள் தார்ப்பாயை எடுத்துப்போட்டுவிட்டு மேஜை முன்னால் உட்கார்ந்தார். பிரித்தவன் மூடித்தான் கொடுப்பான் என்று சொன்னார். பேரிங் செட்டை எப்போதோ வெளிநாட்டிலிருந்து வரவழைத்து வைத்திருந்தார்கள்.

அவள் அங்கே நின்றபோதே போன் அடித்தது. நவநீதன்தான். கையெல்லாம் வாழைப்பூக் கறை என்று அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, லாரி கன்ஃபர்ம் ஆயிடுச்சு. அப்பா என்ன பண்றாரு?"

"கொட்டாயில இருக்காரு. இன்ஜின மூடணும்னு..."

"ஐயோ, அவர் எதுக்கும்மா அதத் தொடுறாரு? ஸ்பூனே கைல நிக்கலன்னு நீங்கதானே அழுதீங்க? எதையாவது கால்ல போட்டுக்கப் போறாரு. எல்லாத்தயும் ஒரு சாக்குல வாரிக் கட்டி வைங்க. அவங்க ஆளு பாத்துக்குவாங்க. அப்பா இனிமே ரெஸ்ட் எடுத்தாப் போதும்."

அவன் பிரியமாகத்தான் சொன்னான். அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. தங்கையன் தலையைத் திருப்பி வாழைத்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பூன் நிற்காத கதையை அவள் மகனிடம் சொல்லி அழுதாள் என்பது அவருக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. கொஞ்ச நாளாகச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார் மனுஷன்.

"சாக்குலயா?" என்றாள் இருசம்மாள்.

"ஆமாம்மா, ஒரு அரிசிச் சாக்கு இருந்தா..."

"போன வைடா."

அவளே அணைத்தாள். கிணற்றடிக்குப் போய் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். நகக்கண்களைத் தனியாகத் தேய்த்தாள். தியேட்டரை விட்டு வந்தபிறகு அப்படி அவள் கை கழுவியதில்லை. கைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே கொட்டகைக்குள் வந்தாள்.

"நகருங்க."

"என்ன செய்யப்போற?"

"எங்க வைக்கணும், எப்படி வைக்கணும்னு சொல்லுங்க. நான் வைக்கிறேன்."

"இது என்ன குடல்னு நெனச்சியா? வெளயாட்டு இல்ல இருசு. போ."

"குடல்னா உங்களக் கேக்கமாட்டேன். எனக்கே தெரியும். இது தெரியாது, அதான் கேக்குறேன்."

"நீ வச்சா அது நான் மூடுன மாதிரி ஆகுமா?"

"ஆகாது. நம்ம மூடுன மாதிரி ஆகும். இல்ல, சாக்கு எடுத்துட்டு வரவா?"

அவர் அவளை முறைத்துப் பார்த்தார். ஸ்டூலோடு ஓரமாக நகர்ந்தார்.

சொல்லிக்கொடுப்பதில் அவர் மகா மோசம். "அந்தப் பக்கம்", "அது இல்ல, அது", "கண்ணு தெரியல?" என்பதைத் தாண்டி அவர் வாயில் வார்த்தை வராது. எந்த அதுங்க, பேரைச் சொல்லுங்க என்று அவள் திருப்பிக் கத்துவாள். பேரிங்கின் ஓரத்தில் சின்னதாக ஒரு நாக்கு இருந்தது. அது பேரிங் படுக்கும் பள்ளத்தின் ஓரத்தில் வெட்டியிருக்கும் காடியில் உட்கார வேண்டும். இல்லையென்றால் இன்ஜின் ஓடும்போது பேரிங்கும் சேர்ந்து சுழன்று எண்ணெய் வரும் ஓட்டையை அடைத்துவிடும். இதை அவர் சொல்லி அவள் புரிந்துகொள்வதற்குள் வாழைப்பூ கறுத்துப் போயிற்று. பெருவிரல்கள் இரண்டையும் வைத்து அவள் அழுத்தினாள். விளிம்பு பேரிங் முரண்டு பிடித்தது. கோணாமல் அழுத்து, ஒரே சீராக அழுத்து என்றார். கடைசியில் கிளிக்கென்று சின்னச் சத்தம். விரலுக்குத்தான் தெரிந்தது, காதுக்கு இல்லை.

"உக்காந்துருச்சு" என்றாள்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"உக்காந்துருச்சுங்க."

அவர் கண்ணை இடுக்கிப் பார்த்தார். கேம்ஷாஃப்டை எடுத்து அதன்மேல் கிடத்தச் சொன்னார். பல்சக்கரத்துக்கும் விளிம்புக்கும் நடுவே இடைவெளி பார்க்கும் தகடு ஒன்றைச் செருகச் சொன்னார். மெல்லிய தகடு உரசிக்கொண்டு நுழைந்தது. அதைவிடத் தடித்தது நுழையவில்லை.

"பிளே சரியா இருக்கு" என்றார். "பழைய பேரிங்ல ஒரு விரல நுழைச்சிருக்கலாம். அவ்ளோ ஆட்டம்."

அன்றைக்கு அவர்கள் சாப்பிடும்போது நேரம் கடந்துவிட்டது. மோர்ச்சோறும் ஊறுகாயும்தான். மண்ணச்சநல்லூர்ப் பொன்னி குழைந்துபோயிருந்தது. அவர் அன்றைக்குச் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. சிந்தியதை அவளும் பார்க்காத மாதிரி இருக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் போடவா?" என்று கேட்டுப் போட்டாள், அவ்வளவுதான்.

இன்ஜினை மூடுகிற நாளுக்கு நசுருதீன் வந்தான். பாலக்கரையில் லேத் பட்டறை வைத்திருப்பவன். தங்கையனைவிட வயதில் ரொம்ப இளையவன். பேரிங் செட்டை வரவழைத்தவனும் அவன்தான். கொட்டகைக்குள் நுழைந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். நான்கு பக்கமும் ஈரப் போர்வைகள் தொங்கிக்கொண்டிருந்தன.

"என்ன அண்ணி இது? பிரசவமா?"

"ஆடிக் காத்துல ஊர்ப்பட்ட மண்ணு உள்ள வருது. செருப்பக் கழட்டிட்டு வாங்க தம்பி. கையைக் கழுவிட்டு வாங்க."

"அண்ணே, நீங்க இதுக்கெல்லாம் ஒத்துக்கிட்டீங்களா?"

"கேக்குற நெலமையிலயா இருக்கேன்? கழுவுடா" என்றார் தங்கையன்.

மூடுவது ஒரே மூச்சில் நடக்க வேண்டிய வேலை. ஒரு பாதியில் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டும் கேம் தண்டும் பல்லோடு பல் சேர்ந்து படுத்திருக்க, அந்தப் பாதியின் ஓரமெங்கும் பசை தடவி, மறுபாதியை மேலே கவிழ்க்க வேண்டும். பசை காய்வதற்குள் நட்டுகளை முறுக்க வேண்டும். அதற்கு முன்னால் எல்லாப் பேரிங்கையும் ஒருமுறை எடுத்துத் துடைத்து வைக்க வேண்டும் என்றார் தங்கையன். "தொடைக்கிறத நான் பண்றேன். அதுக்காவது விடு" என்றார். இருசம்மாள் விட்டாள். பேரிங்குகளைக் கழற்றித் தந்துவிட்டு டீ போடப் போனாள். அவர் பள்ளங்களைத் துடைத்து முடித்தபின் அவளே மறுபடி ஒவ்வொன்றாகப் பொருத்தினாள். நசுருதீன் பிஸ்மில்லா சொல்லி மறுபாதியைத் தூக்கிக் கவிழ்த்தான். நட்டுகள் இறுகின.

கிராங்கைக் கையால் சுற்றிப் பார்த்தார்கள். சுற்றியது. ஒரு இடத்தில் வந்து பிடித்தது. தள்ளினால் போனது, மறுபடி அதே இடத்தில் பிடித்தது.

"புது பேரிங் அண்ணி. அப்படித்தான் இருக்கும். ஓட ஓடச் சரியாயிடும், இன்ஷா அல்லாஹ்."

தங்கையனும் தலையாட்டினார். மூடிய இன்ஜினை விட்டு அவர் கண் நகரவில்லை. அது மூடிக் கிடப்பதைப் பார்க்கத்தானே அவர் இத்தனை பாடும் பட்டார்.

இருசம்மாள் இன்னொருமுறை சுற்றினாள். "பிடிக்குது. உள்ள ஏதோ இருக்கு. பிரிங்க."

"பசை காஞ்சுட்டா எல்லாத்தயும் சொரண்டணும் அண்ணி. ஞாயித்துக்கிழம லாரி வருது. இன்ஜின வண்டியில ஏத்தவே ஒரு நாள் வேணும்."

"லாரிக்காரன் காத்துக்கிட்டு நிக்கட்டும்."

"விடு இருசு" என்றார் தங்கையன். "எவனோ கொண்டுபோயிக் கண்ணாடிக் கொட்டாயில நிறுத்தி வைக்கப் போறான். ஓடவா போவுது?"

"ஓடாததுக்கா நான் குனிஞ்சு நிமிந்தேன்? சந்தேகத்தோட ஒரு வயித்தயும் நான் தைக்க விட்டதில்ல. பெரிய டாக்டருங்க எல்லாம் கத்தியிருக்காங்க. விட்டதில்ல. பிரிங்க தம்பி."

பிரித்தார்கள். பேரிங்குகளை அவள் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். மூன்றாவதைத் தூக்கியபோது அதன் அடியில், நாக்கு உட்காரும் காடிக்குப் பக்கத்தில், வெள்ளையாக ஒரு நூல் நசுங்கிக் கிடந்தது. மெக்கானிக்குகள் துடைக்க வைத்திருக்கும் கழிவுப் பஞ்சின் நூல். அவள் அதை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன். அதற்கு மேலே பேரிங் அந்த அளவுக்குத் தூக்கி நின்றிருக்கிறது.

நசுருதீன் அண்ணனைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தான். துடைத்தது யார் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

தங்கையன் எழுந்தார். "தொடைக்கக்கூட லாயக்கில்லாமப் போயிட்டேன். அவன் சொன்னது சரிதான். சாக்குல போட்டுக் கட்டுங்க." போர்வையை விலக்கிக்கொண்டு வெளியே போகப் பார்த்தார். ஈரத்துணி தோளில் ஒட்டிக்கொண்டது. விலக்க முடியாமல் அங்கேயே நின்றார்.

"இங்க வாங்க" என்றாள் இருசம்மாள். "இத வந்து பாருங்க."

"பாத்தாச்சு."

"பாக்கல. வாங்க. இது உங்க கை நடுங்குனதால வந்துச்சா?"

அவர் தோளில் ஒட்டிய ஈரத்துணியை உரித்தெடுத்தார்.

"கேக்குறேன்ல. நடுங்குற கையில இருந்து நூலு கொட்டுமா? கழிவுப் பஞ்ச எடுத்துத் தொடச்சீங்க. கை நல்லா இருந்த காலத்துலயும் இதாலதான் தொடச்சீங்க. பொன்மலையில அத்தன வருஷமும் இதாலதான் தொடச்சீங்க. எங்க தியேட்டர்ல யாராவது இதக் கொண்டு வந்தா வெளிய தள்ளியிருப்பேன். தப்புப் பண்ணியிருக்கீங்க. சீக்காளியா இருந்து பண்ணல, ஃபிட்டரா இருந்து பண்ணியிருக்கீங்க. வந்து உக்காந்து ஒழுங்காத் தொடைங்க."

நசுருதீன் எதற்கோ இருமினான்.

தங்கையன் திரும்பி அவளைப் பார்த்தார். வெகுநாளாக அவரிடம் யாரும் கோபப்படவில்லை. மகன், மருமகள், பக்கத்து வீட்டார், மருந்துக் கடைக்காரன் எல்லாரும் குழந்தையிடம் பேசுகிற மாதிரிதான் பேசினார்கள்.

"பொன்மலையப் பத்திப் பேசாத" என்றார்.

"பேசுவேன்."

"எதால தொடைக்கணுங்கற?"

"உங்க பழைய வேட்டி. நைஞ்சு போனது. துவைச்சுக் கொதிக்க வச்சுக் காயப் போட்டிருக்கேன். அதுல நூலு வராது."

"அத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?" என்று கத்தினார். வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வேட்டித் துணியைப் பள்ளத்துக்குள் விட்டுத் துடைத்தார். எவ்வளவு நேரம் ஆனதென்று யாரும் பார்க்கவில்லை. அவள் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, இன்னும் என்றாள். மறுபடி துடைத்தார். மறுமுறை மூடியபோது கிராங்க் ஒரே சீராகச் சுற்றியது. நசுருதீன் மாஷா அல்லாஹ் என்றான். தங்கையன் தானே ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அந்தக் கை நடுங்கிக்கொண்டேதான் சுற்றியது.

ஞாயிற்றுக்கிழமை லாரி வந்தபோது நவநீதனும் வந்திருந்தான். கூடவே கோயம்புத்தூர்க்காரர், வெள்ளைச் சட்டை, நல்ல மனிதர். நசுருதீனும் அவன் பட்டறை ஆட்களும் இன்ஜினை ஏற்றி முடித்து எண்ணெய்க் கையோடு நின்றிருந்தார்கள். நவநீதன் அப்பாவைப் பார்த்தான், காரைப் பார்த்தான்.

"மூடிட்டீங்களா?"

"கேளு" என்றார் தங்கையன்.

நசுருதீன் சாவியைத் திருப்பினான். முதலில் விக்கியது. இரண்டாவது தடவை குபீரென்று புகை விட்டுப் பிடித்துக்கொண்டது. தகரக் கூரை அதிர்ந்தது. தோப்பிலிருந்து கொக்குகள் கிளம்பிப் போயின. தட்டல் இல்லை. தங்கையன் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

கோயம்புத்தூர்க்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஓடுற வண்டியாவே கெடைக்குதுன்னா ரொம்ப சந்தோசமுங்க. நல்லா வச்சுக்குவேனுங்க."

"பாத்தீங்களாம்மா? நல்லதாப் போச்சு" என்றான் நவநீதன். லாரிக்காரன் பலகையை இறக்கினான்.

தங்கையன் மனைவியின் பக்கம் வந்தார். இன்ஜின் சத்தத்தில் அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "கொடுத்துடலாம் இருசு. மூடிட்டேன். அது போதும் எனக்கு. புள்ள இவ்ளோ தூரம் வந்திருக்கான். நான் உனக்குப் பாரமாத்தானே..."

"நீங்க சும்மா இருங்க" என்றாள். பிறகு மகனிடம் திரும்பினாள். "பலகைய மேல தூக்கச் சொல்லு."

"என்னம்மா?"

"உள்ள இருக்கிற கேம் பேரிங் அத்தனையும் என் கையால வச்சது. விக்கிறதா இருந்தா என்னயும் கேக்கணும். நான் விக்கல."

"நீங்கதானேம்மா சரின்னு சொன்னீங்க?"

"சொன்னேன். இப்ப இல்லங்கிறேன்." கோயம்புத்தூர்க்காரரைப் பார்த்துக் கைகூப்பினாள். "மன்னிச்சுக்குங்க. உங்கமேல தப்பில்ல. சாப்பிட்டுத்தான் போகணும்."

நவநீதன் குரலைத் தாழ்த்தினான். "அம்மா, அப்பா ஓட்டக் கூடாது. யாரு ஓட்டுவா இத?"

"இன்னிக்கு நசுருதீன் தம்பி ஓட்டும். அப்புறம் நான் கத்துக்குவேன்."

"இந்த வயசுலயா? சரி, வண்டிய விடுங்க. ஆவணியில சென்னைக்கு..."

"அதுக்கும் சேத்துத்தான் சொல்றேன். வரல." அவள் கத்தவில்லை. தியேட்டரில் டாக்டருக்குக் கத்தியை எடுத்து நீட்டும்போது பேசுகிற குரலில்தான் சொன்னாள். "அவருக்கு வந்திருக்கிறது என்னன்னு எனக்குத் தெரியும். எப்படிப் போகும்னும் தெரியும். என்னால முடியாத அன்னிக்கு நானே உன்னக் கூப்பிடுவேன். ஓடி வா. அதுவரைக்கும் நீயா லாரி கூட்டிட்டு வராத."

அவன் அப்பாவைப் பார்த்தான். தங்கையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கார்க் கதவைத் திறந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

கோயம்புத்தூர்க்காரருக்கும் லாரிக்காரனுக்கும் இலை போட்டுச் சாப்பாடு போட்டு அனுப்பினாள். கெண்டை மீன் குழம்பு. போகும்போது அவர், கொடுக்கிற எண்ணம் எப்போது வந்தாலும் சொல்லுங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் கார் வெளியே வந்தது. இருசம்மாள் பின்சீட்டில் ஏறினாள். இன்ஜின் அவள் முதுகுக்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது.

"ஏர்றதுன்னா ஏறுடா. இல்லன்னா வீட்டப் பாத்துக்க."

நவநீதன் கொஞ்சம் நின்றான். பின் முழங்காலை மடக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் நுழைந்தான்.

காவிரிப் பாலத்தில் ஏறியபோது ஆறு கரைமுட்டிப் போய்க்கொண்டிருந்தது. புதுப் பேரிங், முறுக்காமல் போ என்று தங்கையன் சொல்லிக்கொண்டே வந்தார். நசுருதீன் கரூர் ரோட்டில் திருப்பினான். கம்பரசம்பேட்டை தாண்டியதும் ஆற்றுக்காற்று உள்ளே புகுந்து அடித்தது. தங்கையன் நடுங்கும் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி வைத்துக்கொண்டார்.

"அம்மா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க" என்றான் நவநீதன்.

"அப்புறம். இப்ப இன்ஜினக் கேட்டுக்கிட்டு வரேன்."

முக்கொம்பு வந்தது. அணைக்கட்டுப் பக்கம் குடும்பம் குடும்பமாக ஜனங்கள், சோளக்கதிர் வண்டிகள், பலூன்கள். நசுருதீன் வேகத்தைக் குறைத்தான். "ஓரங்கட்டட்டுமா அண்ணி?"

"எதுக்கு? நல்லாத்தானே ஓடுது. போங்க தம்பி."

அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு கியரை மாற்றினான். முக்கொம்பு பின்னால் போயிற்று.

"எதுவரைக்கும்மா?" என்றான் நவநீதன்.

பதில் முன்சீட்டிலிருந்து வந்தது. தங்கையன் திரும்பாமலே சொன்னார்.

"உங்கம்மா நிறுத்தச் சொல்ற வரைக்கும்."